பத்துப் பந்து, ஒரு பழைய செட்

கோல்ஃப் மட்டையை அவள் ஒருநாளும் கையில் எடுத்து ஓங்கியதில்லை. ஆனாலும் எது நல்ல மட்டை, எது காசைக் கரியாக்க வந்த மட்டை என்று அந்த ரேஞ்சில், அதாவது பந்தடித்துப் பழகுகிற மைதானத்தில், அவளைப்போலச் சொல்ல ஆள் கிடையாது. அடிக்கிறவர்கள் எல்லாரும் ஒரு முனையில் வரிசையாக நின்று, பந்து பறக்கிற அழகைப் பார்த்துத் தாங்களே மயங்கிக்கொண்டிருப்பார்கள். அவளுக்கு வேலை மறுமுனையில். பறக்கிற பந்து ஆயிரம் ஜாலம் காட்டும், விழுந்த பந்து பொய் சொல்லாது என்பது அவள் கட்சி.

அவள் பார்த்தது பந்து பொறுக்குகிற வேலை. நாலு பக்கமும் கம்பிவலை அடித்த ஒரு குட்டி வண்டி. அதன் முன்னால் உருளுகிற தட்டுகள் புல்லில் கிடக்கும் பந்துகளைக் கவ்விக் கூடையில் போடும். வண்டியைக் கண்டால் போதும், பெரிய அதிகாரிக்கும் கை ஊறும். குறி வைத்து அதன்மேலேயே அடிப்பார்கள். சேர்ந்த புதிதில் வலையில் பந்து மோதுகிற ஒவ்வொரு தடவையும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பன்னிரண்டு வருஷத்தில் இமை தட்டுவதுகூட நின்றுபோயிற்று. கூண்டுக்குள் இருக்கிறவள் என்பதால் ரேஞ்சில் அவள் பெயர் கூண்டக்கா.

காலையில் கூட்டம் குறைவு. யார் எந்த மேடையிலிருந்து அடிக்கிறார்கள், அவர்கள் பந்து எங்கே வந்து விழுகிறது என்று அப்போது கூண்டுக்குள்ளிருந்தே தெரியும். ஒருத்தர் மோட்டார் சைக்கிள் விலைக்குப் புது மட்டை செட் வாங்கிக்கொண்டு வருவார். அவர் பந்துகள் நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்துக் கொட்டின மாதிரி திசைக்கொன்றாய்க் கிடக்கும். பக்கத்து மேடையில் ஒரு ஓய்வு பெற்ற தபால்காரர் துருப்பிடித்த இரும்பு மட்டையோடு நிற்பார். அவர் அடித்த இருபதில் பதினைந்துக்குக் குறையாமல் ஒரு போர்வையை விரித்தால் அதற்குள் அடங்கிவிடும். அவளுக்கு அளவுகோல் அந்தப் போர்வைதான். மீட்டரெல்லாம் தூரம் காட்டுகிற பலகையில் எழுதி வைக்கத்தான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவள் வீட்டுக்காரர் செத்துப்போனார். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை அவருக்கு. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். போன் வந்தபோது அவள் வண்டியில் இருந்தாள். சரி என்று சொல்லிவிட்டு, ஓட்டிக்கொண்டிருந்த வரிசையைக் கடைசிவரை ஓட்டி முடித்து, கூடையை இறக்கி வைத்துவிட்டுத்தான் போனாள். பாதியில் விட்டால் எங்கே விட்டோம் என்று தெரியாமல் போய்விடும் என்று நினைத்ததாக ஞாபகம். சாவு வீட்டில் வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், பாத்ரூம் எந்தப் பக்கம் என்று வழி காட்டினாள். அழவில்லை. நாத்தனார் ஊர் திரும்பும்போது வாசலில் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "மனுஷியா, மரக்கட்டையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவளுக்கு அதுவும் உறைக்கவில்லை. மரக்கட்டைதான் போல என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

அன்று மரத்துப் போனது மரத்துப் போனதுதான். கால் மரத்தால் உதறி விடலாம், எதை உதறுவது? பசித்ததா என்று யோசித்துப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டியிருந்தது. சில நாள் யோசிக்க மறந்துபோகும்.

மகளுக்குப் பதினேழு வயது. அம்மா வேலை முடிந்து வரும்வரை ரேஞ்சில் காத்திருந்த காலத்தில், யாரோ விட்டுப்போன மட்டையை எடுத்து அடிக்க ஆரம்பித்த பெண். இப்போது ரேஞ்சு மாஸ்டரே தன் மாணவர்களிடம், அந்தப் பொண்ணோட கையைப் பாருங்கடா என்று காட்டுகிறார். அவர்தான் அலைந்து திரிந்து ஒரு இடம் பார்த்துக் கொடுத்தார். வேறு ஊரில் விளையாட்டுப் பள்ளி. மூன்று வருஷம் படிப்பு, தங்கல், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. சனிக்கிழமை தேர்வு. ஒரே ஒரு நிபந்தனை: சொந்த மட்டையோடு வர வேண்டும். ரேஞ்சு மட்டைகளுக்குக் கழுத்தில் நீலச் சாயம் பூசியிருக்கும், வாசலைத் தாண்டக் கூடாது.

"புது செட்டைக் கனவுல கூட நினைக்காதீங்க. ஆனா கண்டதையும் வாங்கிடாதீங்க. அவ கைக்கு ஒத்து வரணும். அது உங்களுக்குத்தான் தெரியும், கூண்டக்கா" என்றார் மாஸ்டர்.

பழைய செட் விற்கிற கடை பஸ் நிலையத்துக்குப் பின்புறச் சந்தில் இருந்தது. கடைக்காரருக்கு வாய் நீளம், ஆனால் தொழிலில் சுத்தம். அம்மாவும் பெண்ணும் ஞாயிற்றுக்கிழமை போய் நின்றதும், கேட்காமலே பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

"இங்க பாரும்மா, இரும்புக்கு வயசு கிடையாது. பத்து வருஷம் பழசானாலும் இரும்பு இரும்புதான். மூணு விஷயம் பாரு. மட்டை முகத்துல கோடு தேயாம இருக்கா? தண்டு நேரா இருக்கா? கழுத்து ஆடாம இருக்கா? முடிஞ்சுது. பிடி தேஞ்சிருந்தா கவலையே படாதே. செருப்புக்கு வார் மாத்தற மாதிரி மாத்திக்கலாம்."

"பதினாலு மட்டை இருக்கணுமாமே அண்ணே?"

"யாரு சொன்னது? பதினாலுக்கு மேல கூடாதுன்னுதான் சட்டம். ஏழு போதும். கம்பெனி பேரைப் பாத்து வாங்கறவன் பேரை வெச்சுத்தான் பந்தை அடிக்கணும்."

மூன்று செட்டை எடுத்து வைத்தார். ஒன்று, பெயர் தேய்ந்து அழிந்துபோன பழசு. இரண்டு மட்டைக்குச் சிவப்புப் பிடி, மற்றதெல்லாம் கறுப்பு. அடுத்தது கனமான தண்டு. மூன்றாவது லேசான தண்டு, கொஞ்சம் விலை கூட. முதல் செட்டைத் தட்டிக் காட்டி, "இதுதான் இருக்கறதுலயே மலிவு. இதுக்கு அப்பன் பேரே தெரியாது..." என்று ஆரம்பித்தவர், பெண் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். சந்தில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். பெண் தரையைப் பார்த்தாள். அம்மாவுக்கு அது காதில் விழுந்தது, அவ்வளவுதான். பிடி வழுக்குமா என்று கேட்டாள்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். சாயங்காலம் ஒரு செட்டை வாங்கிப் போகலாம். காலையில் பத்துப் பந்து அடித்துப் பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டால் கடை திறக்கும்போது திருப்பித் தந்துவிட வேண்டும். கீறல் இருக்கக் கூடாது.

திங்கட்கிழமை காலை, ரேஞ்சு திறக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது, முதல் செட். மைதானத்தை முந்தின நாளே துடைத்து வைத்த மாதிரி பொறுக்கியாகிவிட்டது. மகள் நடு மேடையில் நின்றாள். அம்மா வண்டியை நூற்றிருபது மீட்டர் பலகையைத் தாண்டி ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். பத்தும் விழுந்தபின் இறங்கி நடந்து பார்த்தாள். மூன்று பந்து பலகைக்கு நேராக, போர்வைக்குள். மற்ற ஏழும் வலப்பக்கம் ஒதுங்கிக் கிடந்தன.

"இது ஒத்து வரல, பாப்பா" என்றாள் திரும்பி வந்து.

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சும்மா" என்றாள் மகள்.

செவ்வாய்க்கிழமை, கனமான தண்டு. இரண்டு நேராக, எட்டு வலப்பக்கம். புதன்கிழமை, லேசான தண்டு. மூன்று நேராக, ஏழு வலப்பக்கம். மூன்று நாளும் அம்மா ஒரே வாக்கியத்தைச் சொன்னாள், மகளும் ஒரே பதிலைச் சொன்னாள். இரண்டு பேரும் சேர்ந்து இட்லித் தட்டு வாங்கப் போயிருந்தால்கூட இதைவிட அதிகமாகச் சண்டை போட்டிருப்பார்கள்.

புதன்கிழமை செட்டைத் திருப்பித் தந்தபோது கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "மூணும் மூணு விதம்மா. மூணுமே உங்க வீட்டு மகாராணிக்கு ஒத்து வரலையா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! போய் முதல்ல பொண்ணை ஒழுங்கா அடிக்கச் சொல்லு."

அவள் செட்டை வைத்துவிட்டுத் திரும்பினாள். ரேஞ்சுக்குப் போய்க் கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்து, முதல் வரிசையில் பாதி தூரம் போனபிறகுதான் அந்தப் பேச்சு அவளுக்குள்ளே போய்ச் சேர்ந்தது. ஆடத் தெரியாதவள் சொன்னால் சரி. ஆடத் தெரிந்தவளே கூடம் கோணல் என்றால்?

வண்டியை நிறுத்தினாள்.

கனமான தண்டென்றால் கை பின்தங்கிப் பந்து வலப்பக்கம் போகும், ஒப்புக்கொள்ளலாம். லேசான தண்டென்றால் இடப்பக்கம் இழுக்க வேண்டும். அதுவும் வலப்பக்கம்தான் போயிருந்தது. அதோடு, நிஜமாகவே தப்பாக அடிக்கிறவன் பந்து இப்படி வரிசையாக உட்காராது. ஒன்று அங்கே, ஒன்று இங்கே, ஒன்று காலடியில் என்று கிடக்கும். இந்தப் பந்துகள் மூன்று நாளும் பலகையிலிருந்து ஒரே தூரம் தள்ளி, ஒன்றாக, சொல் பேச்சுக் கேட்கிற பிள்ளைகள் மாதிரி விழுந்திருந்தன. முதல் இரண்டு மூன்று அடியில் கை தன் பழக்கத்தில் நேராக அடித்துவிடுகிறது. அதற்குப் பிறகு, வலப்பக்கம் தள்ள வேண்டும் என்று அடிக்கிறவளுக்கு ஞாபகம் வந்துவிடுகிறது.

வேறு யாருடைய பந்தாக இருந்திருந்தாலும் முதல் நாளே கண்டுபிடித்திருப்பாள். மூன்று காலை கண்ணெதிரே கிடந்ததைப் பார்த்துக்கொண்டு இரும்பின் மேல் பழி போட்டிருக்கிறாள். அவள் தலையும் சேர்ந்தல்லவா மரத்துப் போயிருக்கிறது! பின்னால் யாரோ அடித்த பந்து கூண்டில் மோதியது. வண்டியைக் கிளப்பினாள்.

மாலையில் மறுபடி கடைக்குப் போய் முதல் செட்டைக் கேட்டாள். "அந்த சிவப்புப் பிடியையா? வேணாம்னுதானே குடுத்த?" என்றார் கடைக்காரர். "இருக்கறதுலயே அதான் நல்ல செட்டு" என்று மட்டும் சொல்லித் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். வரும் வழியில் நல்ல மழை.

வியாழக்கிழமை காலை மழை விட்டிருந்தது. ரேஞ்சு முழுக்க ஈரம். மகள் பையைப் பார்த்துவிட்டு, "இது ஒத்து வரலேன்னு சொன்னியேம்மா" என்றாள்.

"ஒத்து வருது. நீதான் ஒத்து வரல."

"என்ன சொல்ற?"

"மூணு பந்து அழகா அடிக்கிற. அப்புறம் வேணும்னே மட்டை முகத்தைத் திறந்து வலப்பக்கம் தள்ளுற. யார்கிட்டடி மறைக்கிற? பன்னிரண்டு வருஷமா நான் என்ன, புல்லு மேஞ்சுக்கிட்டா இருந்தேன்?"

மகள் மட்டையைத் தரையில் ஊன்றினாள். பிறகு கேட்டாள்: "நான் போயிட்டா நீ என்ன பண்ணுவ?"

"வேலைக்கு வருவேன்."

"அப்புறம்?"

"வீட்டுக்குப் போவேன்."

"அப்புறம்?"

அவள் தேடிப் பார்த்தாள். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

"பாத்தியா! அப்பா போனதுக்கே நீ அழல. அன்னிக்குப் பாலை அடுப்புல வெச்சுட்டு அப்படியே நிக்கிற. பாத்திரம் கருகி வீடெல்லாம் புகை, நீ அசையவே இல்ல. நான் ஓடி வந்து அணைச்சேன். நான் இல்லேன்னா?" மகள் அழுதுவிட்டாள். "உன்னை இப்படி விட்டுட்டுப் போய் நான் என்னத்தம்மா விளையாடறது?"

இந்த இடத்தில் ஒரு அம்மா கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும். அது அவளுக்கும் தெரிந்தே இருந்தது. கை எழவில்லை. பொய்யாகக் கட்டிப்பிடித்தால் இந்தப் பெண் கண்டுபிடித்துவிடும் என்றும் தோன்றியது. அதனால் உண்மையைச் சொன்னாள்.

"பால் கருகினப்போ நீ வீட்லதானே இருந்த? நீ பக்கத்துல இருக்கும்போதே எனக்கு இப்படித்தான் இருக்கு, பாப்பா. நீ நின்னா எனக்குச் சரியாயிடும்னு சொல்ல மாட்டேன். உள்ள ஒண்ணுமே இல்ல. எப்ப வரும்னும் தெரியல. எனக்குக் காவல் இருந்தா நீயும் சேர்ந்து கருகுவ. வேற ஒண்ணும் நடக்காது."

மகள் அவளையே பார்த்தாள். எட்டு மாதத்தில் அம்மா சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியது இதுதான் முதல் தடவை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிடிவாதமாக, அப்பனைப் போலவே தாடையை நீட்டிக்கொண்டு சொன்னாள்: "சரி. பத்துப் பந்து. இந்தத் தடவை மனசார அடிக்கிறேன், அப்பா மேல சத்தியம். பத்தும் உன் போர்வைக்குள்ள விழுந்தா சனிக்கிழமை போறேன். ஒண்ணு வெளிய போனாலும் போகல. அதுக்கப்புறம் நீயும் பேசக்கூடாது, மாஸ்டரும் பேசக்கூடாது. சரியா?"

"சரி."

பத்துக்குப் பத்து என்பது மாஸ்டரே அடிக்காத கணக்கு. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பழைய இடத்தில் நிறுத்தினாள். முதல் பந்து வந்தது. பலகைக்கு நேராக விழுந்து, ஈரத்தில் உருளாமல் அங்கேயே நின்றது. இரண்டாவது அதற்குப் பக்கத்தில். மூன்றாவது, நாலாவது. நாலுக்குப் பிறகும் வலப்பக்கம் போகவில்லை. அப்போதுதான் எதிரே சூரியன் மேலே வந்தது. கண் கூசி, கடைசிப் பந்துகள் விழுந்ததை அவளால் பார்க்க முடியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. பத்தும் முடிந்ததற்கு அடையாளமாக மகள் தூரத்தில் மட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

இறங்கி நடந்தாள். ஒன்று, இரண்டு என்று காலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். ஒன்பது. எல்லாம் போர்வைக்குள், அதிலும் நடுவில். மறுபடி எண்ணினாள். ஒன்பதுதான்.

அப்போது அவள் நெஞ்சுக்குள் ஏதோ துள்ளியது. என்னவென்று புரிய ஒரு நொடி ஆயிற்று. சந்தோஷம். ஒரு பந்து தப்பிவிட்டது, பெண் போகமாட்டாள். சனிக்கிழமை காலையிலும் அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருப்பாள், தலையைச் சீவிவிட்டுச் சீப்பில் முடியை விட்டு வைப்பாள், "சாப்பிட்டியா இல்லியா, பொய் சொல்லாதே" என்று அதட்டுவாள். எட்டு மாதமாகச் செத்துக் கிடந்தது இதற்காகத்தானா எழுந்து உட்கார வேண்டும்? அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கால் வலப்பக்கம் ஓடியது. பத்தாவது பந்தை அங்கே பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. வலப்பக்கம் வேலிவரை தேடினாள். இல்லை. இடப்பக்கம் போய், புல்லைக் காலால் கிளறிக்கொண்டு, பின்பக்க வலை அடிவரை தேடினாள். அங்கேயும் இல்லை. வெளியே இல்லாத பந்து உள்ளேதானே இருக்க வேண்டும்? பன்னிரண்டு வருஷம் பந்து பொறுக்கியவளுக்கு இது தெரியாதா? தெரியும். அதனால்தான் அங்கே திரும்பிப் போகக் கால் வரவில்லை.

போனாள். ஒன்பது பந்துக்கும் நட்டநடுவே, மழையில் ஊறிய மண்ணுக்குள் பத்தாவது இறங்கிப் புதைந்திருந்தது. பொட்டளவு வெள்ளை மட்டும் மேலே தெரிந்தது. குனிந்து விரலால் தோண்டி எடுத்தாள். பந்து வெளியே வந்த குழி வழவழவென்று வட்டமாக இருந்தது.

சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டால் ஒன்பது. யாருக்கும் தெரியாது. மகள் அவள் கண்ணை நம்பித்தான் சத்தியமே செய்திருக்கிறாள். ஒன்பது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பந்தைக் கையில் மூடி வைத்துக்கொண்டு அவள் அப்படியே நின்றாள். 

"எத்தனைம்மா?" என்று மேடையிலிருந்து சத்தம் வந்தது.

"பத்து" என்றாள். அது பழக்கத்தில் வந்த பதில். விழுந்ததை விழுந்தபடி சொல்கிற வாய் சொல்லிவிட்டது.

"கேக்கல! எத்தனை?"

இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது. இந்தத் தடவை தெரிந்தே சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள், அழுகை முந்திக்கொண்டது. நாத்தனார் எதிர்பார்த்தது, மகள் எதிர்பார்த்தது, எட்டு மாதம் கழித்து இந்த ஈர மைதானத்தில், புருஷனுக்கும் பெண்ணுக்கும் சேர்த்து மொத்தமாக வந்தது. வலித்தது. அதைத் தாண்டித்தான் கத்த வேண்டியிருந்தது. கத்தினாள்.

"பத்தும்டி! பத்தும் உள்ளதான்டி!"

மேடையில் சின்னதாகத் தெரிந்த உருவம் அசையாமல் நின்றது. பிறகு மட்டையைக் கீழே போட்டுவிட்டு, யாரும் நடக்கக் கூடாத அந்தப் புல்வெளியில் குறுக்கே அவளை நோக்கி ஓடி வந்தது. மகள் வந்து சேர நூற்றிருபது மீட்டர் இருந்தது. அதற்குள் அழுது முடித்துவிடலாம் என்று அவள் நினைத்தாள், முடியவில்லை.